ஆகஸ்ட் 8: ஒரே ஓர் ஊருக்கு மட்டும் லீவு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் கம்பெனிக்காக விடுமுறைக் கணக்கு போடும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் லீவு மாறும். அது பழகிய தலைவலிதான். ஆனால் அவர்கள் அனுப்பிய பட்டியலின் அடியில் ஒரு விசித்திரமான வரி இருந்தது: ஆகஸ்ட் 8, ஆக்ஸ்பர்க் நகர எல்லைக்குள் மட்டும். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மியூனிக்கில் அன்றைக்கு ஆபீஸ் உண்டு. நாட்டிலேயே ஒரே ஓர் ஊருக்கு மட்டும் லீவு. அந்த ஓர் ஊருக்காக நான் தனியாக ஒரு கண்டிஷன் எழுத வேண்டி வந்தது.

கடுப்பில், "இது என்னங்க லீவு?" என்று அங்கிருந்த டீமிடம் கேட்டேன். "சமாதானத் திருவிழா. 1650-லிருந்து கொண்டாடுகிறோம்" என்று பதில் வந்தது. எந்தச் சமாதானம், யாருக்கும் யாருக்கும் நடந்த சண்டை என்று தேடப் போனவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஆபீஸ் கேன்டீனில் ஒரு சண்டை. ஏதோ ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "உலகத்துல எல்லாப் போருக்கும் மதம்தான்யா காரணம்" என்றார். எதிரே இருந்தவர் பக்திமான். "மதம் சும்மா சாக்கு. உள்ளே போய்ப் பார்த்தா நிலம், பணம், பதவி. அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் வரலாறு படிப்பவன் என்பதால் என்னைப் பார்த்து, "நீ சொல்லுப்பா" என்றார்கள். நான் மழுப்பினேன். இரண்டு பேரும் ரொம்ப நாள் ஒரே டேபிளில் உட்காரவில்லை. அன்றைக்குச் சொல்லத் தெரியாததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு புள்ளிவிவரத்தைத் தாண்டிப் போய்விடலாம். இணையத்தில் இந்த விவாதம் எங்கே வந்தாலும் யாராவது ஒருவர், "1763 போர்களில் 123 மட்டும்தான் மதப் போர்கள், 7 சதவீதம்கூட இல்லை" என்பார். சார்ல்ஸ் பிலிப்ஸ், ஆலன் ஆக்ஸல்ராட் இருவரும் தொகுத்த போர்க் கலைக்களஞ்சியத்தை வைத்துச் சொல்லும் எண் இது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. 7 கம்மி என்பதால் அல்ல. டேட்டாபேஸில் 'மதப் போரா?' என்று ஒரு காலம் வைத்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் நிரப்பச் சொன்னால், நான் சொல்லப்போகும் போருக்கு என்ன போடுவது? 1618-இல் ஆரம்பித்து 1648-இல் முடிந்த முப்பதாண்டுப் போர் அது. மதப் போருக்கு உதாரணம் கேட்டால் சிலுவைப் போருக்கு அடுத்தபடியாகப் பாடப்புத்தகங்கள் சொல்வது அதைத்தான்.

அதைப் புரிந்துகொள்ள 1555-க்குப் போக வேண்டும். அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு கிடையாது. 'புனித ரோமப் பேரரசு' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான குறுநில அரசுகள், சுயாட்சி நகரங்கள், மேலே ஒரு பேரரசர். மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புயலில் பாதிப் பேர் போப்பைவிட்டு விலகிவிட்டார்கள். அடித்துக்கொண்டு ஓய்ந்தபின் அதே ஆக்ஸ்பர்க்கில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்தந்தப் பகுதியின் ஆட்சியாளர் கத்தோலிக்கமா லூத்தரனா என்று முடிவு செய்துகொள்ளலாம். குடிமக்கள் அதைப் பின்பற்ற வேண்டும், பிடிக்காதவர்கள் சொத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். ஆக்ஸ்பர்க் மாதிரி சில நகரங்களில் மட்டும் இரண்டு தரப்பும் சேர்ந்து இருந்துகொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, கால்வினைப் பின்பற்றியவர்களுக்கு இதில் இடமே இல்லை. அப்போது அவர்கள் சொற்பம். பிறகு பெருகினார்கள்.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. அந்தப் பேரரசில் பல பிஷப்புகள் பூசை செய்கிறவர்கள் மட்டும் இல்லை, ராஜாக்களும்கூட. நம்மூர் ஆதீனம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மடத்துக்கு நிலம் மட்டுமில்லாமல் போலீஸ், நீதிமன்றம், வரி வசூல், படை, நாடாளுமன்றத்தில் ஓட்டு எல்லாம் இருக்கிறது என்று வையுங்கள். இப்போது ஆதீனகர்த்தர் மதம் மாறி, கல்யாணமும் பண்ணிக்கொள்கிறார். அந்த ராஜ்ஜியம் யாருக்கு? அவருக்கா, மடத்துக்கா?

'மதம் மாறினால் பதவியை விட்டுவிட வேண்டும்' என்று 1555-இலேயே ஒரு ஷரத்து சேர்த்திருந்தார்கள். புராட்டஸ்டண்டுகள் அதை மனதார ஏற்கவில்லை. 1580-களில் கொலோன் நகரத்துப் பேராயர் கெப்ஹார்ட் மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பதவியைவிட மாட்டேன் என்றார். ஐந்து வருஷத்துக்கு மேல் போர் நடந்தது. கொலோன் பேராயர் சாதாரண ஆள் இல்லை. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர். அந்த ஏழில் மூன்று பேர் பேராயர்கள், மூன்று பேர் புராட்டஸ்டண்ட் அரசர்கள், ஏழாவது ஓட்டு பொஹீமியாவின் மன்னருடையது. அந்த மன்னர் கத்தோலிக்கர். ஒரே ஓர் ஓட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் நாலுக்கு மூன்று தலைகீழாகிவிடும்.

இந்த இடத்தில் என் இரண்டு கேன்டீன் நண்பர்களையும் நிறுத்திக் கேட்க ஆசை. கெப்ஹார்ட் சண்டை மதச் சண்டையா, சொத்துச் சண்டையா? ஒரு ஞானஸ்நானம் ஒரு பட்டாவை மாற்றும் என்று சட்டமே இருக்கும்போது, இரண்டையும் எந்தக் கத்தி வைத்துப் பிரிப்பது?

இடையில் ஒரு சின்னச் சமாச்சாரம், தேதிகளோடு மாரடிக்கும் என்னைப் போன்றவர்களுக்காக. 1582-இல் போப் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். வானியல்படி திருத்தம் சரி. ஆனால் போப் சொன்னதாயிற்றே! புராட்டஸ்டண்ட் அரசுகள் ஏற்க மறுத்தன. ஆக்ஸ்பர்க் நகரசபை புதிய காலண்டரைக் கொண்டுவந்தபோது 1584-இல் ஊரில் கலவரமே வந்துவிட்டது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் ஜெர்மன் அரசுகள் 1700 வரை பத்து நாள் பின்தங்கியே வாழ்ந்தன. அதனால் இந்தப் போரின் சண்டைகளுக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃப் செத்தது 1632 நவம்பர் 6-ஆ, 16-ஆ என்றால், இரண்டும்தான். டைம்ஸோன் பற்றி நான் இனிமேல் புலம்ப மாட்டேன்.

சரி, போர். 1618 மே 23. பிராக் கோட்டை. பொஹீமியாவின் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பேரரசரின் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் அவர்களது செயலாளரையும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். கோபத்துக்குக் காரணம் இரண்டு தேவாலயங்கள். 1609-இல் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை எழுதித் தரப்பட்டிருந்தது. அதை நம்பி இரண்டு ஊர்களில் கோயில் கட்டினார்கள். 'அது திருச்சபைக்குச் சொந்தமான நிலம், உங்கள் உரிமை அங்கே செல்லாது' என்று ஒன்றை இடித்தார்கள், இன்னொன்றை மூடினார்கள். பாருங்கள், மறுபடி நிலப் பிரச்சினை.

கிட்டத்தட்ட இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். கன்னி மரியாள் தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது மற்ற தரப்பு. 17-ஆம் நூற்றாண்டின் ஃபார்வர்டு மெசேஜ்கள்.

பொஹீமியர்கள் தங்கள் கத்தோலிக்க மன்னர் ஃபெர்டினாண்டை நீக்கிவிட்டு, பலாட்டினேட் பகுதியின் கால்வினிய அரசர் ஐந்தாம் ஃபிரெடரிக்கை அழைத்து முடி சூட்டினார்கள். அவர் ஏற்கெனவே அந்த ஏழு பேரில் ஒருவர். ஆக ஒரே ஆளிடம் இரண்டு ஓட்டு. அதற்குள் ஃபெர்டினாண்ட் பேரரசராகவே ஆகிவிட்டார். 1620 நவம்பர் 8-ஆம் தேதி பிராக்குக்கு வெளியே வெள்ளைக் குன்றில் சண்டை. இரண்டு மணி நேரம் பிடித்திருக்குமா என்பதே சந்தேகம். பொஹீமியப் படை சிதறியது. அடுத்த வருஷம் பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. சாக்சனியின் அரசர் லூத்தரன். புராட்டஸ்டண்ட் பொஹீமியாவுக்குத்தானே அவர் துணை போயிருக்க வேண்டும்? அவர் பேரரசர் பக்கம் நின்றார். கைம்மாறாக லுசேஷியா என்ற பகுதி கிடைத்தது. அது பேராசை மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. அன்றைய லூத்தரன்கள் பலருக்குக் கத்தோலிக்கர்களைவிடக் கால்வினியர்களைக் கண்டால்தான் ஆகாது. இறையியல் ரீதியாகவே வெறுத்தார்கள். பேராசையும் பக்தியும் ஒரே திசையில் இழுத்தால் மனுஷன் எவ்வளவு நிம்மதியாக முடிவெடுப்பான்!

அடுத்துக் களத்தில் இறங்கியவர் நமக்குத் தெரிந்தவர். தரங்கம்பாடி போயிருக்கிறீர்களா? கடற்கரையில் அந்தக் காவி நிறக் கோட்டை, டான்ஸ்போர்க். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்து ஒப்பந்தம் போட்டது 1620 நவம்பர், வெள்ளைக் குன்றில் சண்டை நடந்த அதே மாதம். வாங்கிய தரப்பின் ராஜா நான்காம் கிறிஸ்டியன். லூத்தரன். 1625-இல் புராட்டஸ்டண்டுகளைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனிக்குள் படையோடு போனார். காப்பாற்றும் எண்ணம் இல்லாமல் இல்லை. கூடவே, தன் பிள்ளைகளுக்கு வடக்கு ஜெர்மனியில் ஓரிரண்டு பிஷப் பதவிகளைப் பிடித்துக் கொடுக்கும் எண்ணமும் இருந்தது. எல்பே நதியில் போகும் வியாபாரத்தின் மேலும் ஒரு கண். 1626-இல் லுட்டர் என்ற இடத்தில் செம அடி வாங்கினார். 1629-இல் சமாதானம் பேசி ஊர் திரும்பினார்.

இதோடு கிறிஸ்டியன் கதை முடியவில்லை. 1643 கடைசியில், போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, டென்மார்க் மீது படையெடுத்தது யார் தெரியுமா? ஸ்வீடன். அதுவும் லூத்தரன் நாடுதான். புராட்டஸ்டண்ட் உலகத்தின் காவலன் என்று பெயர் வாங்கிய நாடு. பால்டிக் கடலில் யார் பெரியவன் என்பதுதான் விஷயம். 67 வயதில் கப்பல் சண்டையில் நின்ற கிறிஸ்டியனுக்கு ஒரு கண் போனது, ஸ்வீடன்காரர்கள் சுட்டதில். இந்த அமளிகளில் நொடித்துப்போன டென்மார்க், தரங்கம்பாடியையே மறந்துவிட்டது. 1669 வரை, கிட்டத்தட்ட முப்பது வருஷம், ஊரிலிருந்து ஒரு கப்பல்கூட அங்கே வரவில்லை. தரங்கம்பாடிக் கோட்டையில் நின்றால் எனக்கு அந்தக் காத்திருப்புதான் ஞாபகம் வரும்.

இதுவரை படித்தால் என் பக்திமான் நண்பர் ஜெயித்துவிட்டார் மாதிரி இருக்கும். எல்லாம் காசு, பதவி. கொஞ்சம் பொறுங்கள்.

1629. பேரரசர் ஃபெர்டினாண்ட் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். டென்மார்க் தோற்றுவிட்டது. சாக்சனி மாதிரி லூத்தரன் அரசுகள் அவரை எதிர்க்கவில்லை. அதிகாரம்தான் குறி என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது. ஆனால் அந்த மார்ச்சில் அவர் ஓர் ஆணை போட்டார். 1552-க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுபது, எண்பது வருஷம் அனுபவித்துவந்த நிலங்கள், மடங்கள், முழுப் பிஷப் ராஜ்ஜியங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தை ரத்து செய்வது மாதிரி. அவருடைய சொந்தத் தளபதி வாலன்ஸ்டைனே இது வேண்டாத வேலை என்று எதிர்த்தார். ஃபெர்டினாண்ட் கேட்கவில்லை. கடவுள் வெற்றியைக் கொடுத்தது இதைச் செய்வதற்காகத்தான் என்று அவரும், அவருடைய ஜெசூட் பாவமன்னிப்புக் குரு லாமர்மைனியும் நிஜமாகவே நம்பினார்கள்.

விளைவு? விசுவாசமாக இருந்த சாக்சனியே இரண்டு வருஷத்தில் ஸ்வீடனோடு கை கோத்தது. தன் நலனுக்கு எதிராகவே ஒருவர் முடிவெடுத்தால், அதைச் 'சாக்கு' என்று எப்படிச் சொல்வது? சாக்கு என்பது ஆதாயத்துக்காகச் சொல்வது அல்லவா?

அந்த ஆணையின் பட்டியலில் இருந்த ஊர் மாக்டெபர்க். பிடிவாதமான புராட்டஸ்டண்ட் நகரம். 1631 மே 20-ஆம் தேதி பேரரசரின் படை மதிலை உடைத்து உள்ளே போனது. தீ பிடித்தது. சுமார் 25,000 பேர் இருந்த ஊரில் 20,000 பேர் வரை செத்தார்கள். அடுத்த வருஷம் தலை எண்ணியபோது அங்கே மிஞ்சியிருந்தவர்கள் 449 பேர். அதன்பின் புராட்டஸ்டண்ட் பகுதிகளில் அந்த ஊரின் பெயர் துண்டுப் பிரசுரங்களில் பறந்தது. தயங்கி நின்றவர்கள் ஸ்வீடன் பக்கம் போனார்கள்.

அந்த ஸ்வீடனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1631 ஜனவரியில், மாக்டெபர்க் எரிவதற்கு நாலு மாதம் முன்னால், பார்வால்டே என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம். வருஷத்துக்கு 4,00,000 தாலர் வெள்ளிப் பணம். பதிலுக்கு ஸ்வீடன் 30,000 காலாட்படையும் 6,000 குதிரைப்படையும் வைத்துப் பேரரசரோடு சண்டை போட வேண்டும். பணம் கொடுத்தது கத்தோலிக்க பிரான்ஸ். ஏற்பாடு செய்தவர் ரிஷெல்யூ. திருச்சபையின் கார்டினல். மூன்று வருஷம் முன்னால்தான் சொந்த நாட்டுப் புராட்டஸ்டண்டுகளை லா ரொஷெல் கோட்டையில் பட்டினி போட்டுப் பணிய வைத்தவர். அவருடைய வலது கை ஃபாதர் ஜோசஃப், வெறுங்காலோடு நடக்கும் துறவி. பேரரசரும் ஸ்பெயின் ராஜாவும் ஒரே குடும்பம். இரண்டு பக்கமும் அந்தக் குடும்பம் பிரான்ஸை நெருக்கியது. அந்தப் பயத்தின் முன்னால் போப்பும் பூசையும் பின்னால் போய்விட்டன.

முழுக்கப் போய்விட்டனவா? அதே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: ஸ்வீடன் பிடிக்கும் ஊர்களில் கத்தோலிக்க வழிபாடு நடந்துகொண்டிருந்தால் கை வைக்கக் கூடாது. பணம் கொடுக்கும்போதும் ரிஷெல்யூவுக்கு மனசாட்சி ஒரு வரி கேட்டிருக்கிறது. 1635-இல் பிரான்ஸ் நேரடியாகவே போரில் இறங்கியது. கடைசிப் பதிமூன்று வருஷம் கத்தோலிக்க பிரான்ஸும் லூத்தரன் ஸ்வீடனும் ஓரணி.

இதெல்லாம் ராஜாக்கள் கதை. சண்டை போட்டவன்? பீட்டர் ஹாகன்டார்ஃப் என்ற சாதாரணச் சிப்பாயின் டைரி ஒன்று 1988-இல் பெர்லின் நூலகத்தில் கிடைத்தது. அதில் அவர் பெயரே இல்லை, ஆராய்ச்சியாளர்கள் ஊகித்துக் கண்டுபிடித்தார்கள். இருபத்தைந்து வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார். மாக்டெபர்க்கில் பேரரசரின் படையில் இருந்து, குண்டடிபட்டுக் கூடாரத்தில் கிடந்தார். எரியும் ஊருக்குள் அவருடைய மனைவி போய், கட்டுப்போடத் துணியும் ஒயினும் எடுத்து வந்தார். இவ்வளவு அழகான ஊர் எரிகிறதே, நம் நாடாயிற்றே என்று அவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். 1633-இல் ஸ்வீடன் படையிடம் பிடிபட்டு, அவர்கள் படையிலேயே சேர்ந்தார். அடுத்த வருஷம் ஸ்வீடன் தோற்றதும் பழைய படைக்கே திரும்பினார். அந்தக் காலத்தில் இது சர்வசாதாரணம். டைரி முழுக்க ரொட்டி விலை, ஒயின், நடந்த ஊர்கள், பிறந்து பிறந்து இறந்த குழந்தைகள். இறந்த ஒவ்வொன்றின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டு, ஆண்டவர் எழுப்பட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். எந்த மதத்துக்காகச் சண்டை போடுகிறோம் என்பதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கடவுள் அவரிடம் இருந்தார், போரின் காரணமாக இல்லை.

எங்கள் தொழிலில் பெரிய கோளாறு நடந்தால் 'ரூட் காஸ்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு காரணத்தை எழுதச் சொல்வார்கள். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், பெரிய கோளாறு எதற்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. இந்தப் போருக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை. அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். மதம் காரணமா இல்லையா என்பதற்குப் பதில், இந்தப் போரில் மதம் என்ன வேலை பார்த்தது?

எனக்குத் தெரிந்தவரை அது செய்த பெரிய வேலை, சாதாரணப் பேரத்தைப் பேர முடியாததாக மாற்றியது. ஒரு கிராமத்தை இரண்டாகப் பிரிக்கலாம், சுங்கத்தைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம். 'என் மக்களின் ஆன்மா நரகத்துக்குப் போகலாமா' என்பதில் பாதி கிடையாது. இன்னொன்று, பயம். எதிராளி இன்றைக்கு ஒரு கோயில் கேட்டால், நாளைக்கு எல்லாவற்றையும் கேட்பான் என்ற பயம். ஏழில் ஓர் ஓட்டு மாறினாலே நாம் என்றென்றைக்கும் சிறுபான்மை என்ற பயம். படை திரட்டுவதற்கும் நோட்டீஸ் அடிப்பதற்கும் மதம் உதவியது, ஆனால் அது இரண்டாம்பட்சம். அந்தப் பயம் பொய்யாகவும் இல்லை. 1629 ஆணையில் அது நிஜமாகவே நடந்தது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் 1648-இல் சமாதானம் எழுதியவர்கள்தான். அதைப் படித்த பிறகுதான் எனக்கு என் இரண்டு நண்பர்களும் சேர்ந்தே எதைத் தவறவிட்டார்கள் என்று தெரிந்தது.

பேச்சுவார்த்தை இரண்டு ஊர்களில் நடந்தது. கத்தோலிக்கர்களுக்கு மியூன்ஸ்டர், ஸ்வீடனுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஓஸ்னாப்ரூக். போப்பின் தூதர் 'மதவிரோதி'களோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார் என்பதும் அதற்கு ஒரு காரணம். கேன்டீன் ஞாபகம் வரவில்லையா? நாலைந்து வருஷம் இழுத்து, 1648 அக்டோபர் 24 அன்று கையெழுத்தானது.

யார் மதம் உண்மை என்ற பேச்சே அதில் இல்லை. 'மதம்லாம் சாக்கு, அதை விடுங்கள்' என்றும் இல்லை. அலுப்பூட்டும் நிர்வாக விதிகள்தான் இருந்தன. எந்தக் கோயில் யாருக்கு? 1624 ஜனவரி 1-ஆம் தேதி யார் கையில் இருந்ததோ அவர்களுக்கே. ஏன் 1624? புராட்டஸ்டண்டுகள் போருக்கு முந்தைய 1618 கேட்டார்கள், கத்தோலிக்கர்கள் தாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த பிந்தைய வருஷங்களைக் கேட்டார்கள், நடுவில் ஒன்று பிடித்தார்கள். அந்த வருஷத்துக்கு எந்தப் புனிதமும் இல்லை. இனி ராஜா மதம் மாறினாலும் ஊர் மாற வேண்டியதில்லை. கால்வினியர்களுக்கும் அங்கீகாரம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நாடாளுமன்ற விதி. மதம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஓட்டெடுப்பே கிடையாது. கத்தோலிக்கர்கள் ஒரு குழு, புராட்டஸ்டண்டுகள் ஒரு குழு என்று பிரிந்து உட்கார்ந்து, பேசி ஒத்துக்கொண்டால்தான் முடிவு. எந்தப் பக்கம் எத்தனை தலை என்பது அங்கே செல்லாது. நாலா மூன்றா என்ற பயத்துக்கு நேரடி மருந்து அதுதான். மதத்தை வெறும் முகமூடி என்று நினைத்தவர்களால் இந்த விதியை எழுதியிருக்க முடியாது. முகமூடிக்கு யாராவது தனிக் குழு அமைப்பார்களா? மதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்தவர்கள் நம்பிக்கையையே ஒழிக்கக் கிளம்பியிருப்பார்கள்.

ஓஸ்னாப்ரூக் பிஷப் பதவிக்கு இன்னும் வேடிக்கையான ஏற்பாடு: ஒருமுறை கத்தோலிக்கர், அடுத்தமுறை ஒரு லூத்தரன் இளவரசர், மாறி மாறி. இது 1800-களின் தொடக்கம் வரை ஓடியது. 1764-இல் லூத்தரன் முறை வந்தபோது, இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ் தன் மகனை பிஷப் ஆக்கினார். பிஷப்புக்கு வயது ஏழு மாதம்கூட ஆகவில்லை. கேலிக்கூத்துதான். ஆனால் அதற்காக யாரும் யாரையும் ஜன்னல் வழியாக எறியவில்லை.

ஆக்ஸ்பர்க் உள்பட நாலு நகரங்களில் சரிபாதி விதி. நகரத் தலைமை முதல் சின்ன உத்தியோகம் வரை இவர்களுக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி. 1629 ஆகஸ்ட் 8 அன்று ஆக்ஸ்பர்க் புராட்டஸ்டண்டுகள் வழிபாடு நடத்தத் தடை விதிக்கப்பட்டிருந்தது. உரிமை திரும்பக் கிடைத்த பிறகு, 1650-இல், அதே தேதியைத் தேர்ந்தெடுத்து நன்றித் திருநாள் கொண்டாடினார்கள். முதலில் அது ஒரு தரப்பின் விழாதான். இப்போது ஊரே சேர்ந்து தெருவில் மேசை போட்டுச் சாப்பிடுகிறது. என் கண்டிஷன் இன்னும் அந்த மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த முப்பது வருஷத்தில் ஜெர்மன் பகுதிகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஐந்தில் ஒருவர் என்பார்கள், மூன்றில் ஒருவர் என்பார்கள். வாளைவிடக் கொள்ளைநோயும் பட்டினியும் கொன்றது அதிகம். போப் பத்தாம் இன்னொசென்ட் ஒப்பந்தம் செல்லாது என்று கண்டன அறிக்கை விட்டார். யார் ஆட்சேபித்தாலும் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி ஒரு ஷரத்து போட்டு வைத்திருந்தார்கள். கத்தோலிக்க அரசர்களும் சேர்ந்துதான்.

ஆனால் இதை ரொம்பப் புகழ்ந்துவிடவும் முடியவில்லை. 1624 கணக்கு பேரரசரின் சொந்தக் குடும்ப நிலங்களுக்கு, அதாவது போர் ஆரம்பித்த பொஹீமியாவுக்கே, பொருந்தாது என்று வைத்தார்கள். அங்கிருந்து துரத்தப்பட்ட புராட்டஸ்டண்டுகள் ஊர் திரும்பவே இல்லை. குழந்தைகளுக்குப் படம் போட்டுப் பாடப்புத்தகம் எழுதலாம் என்று உலகத்துக்குக் காட்டிய கொமேனியஸ் அவர்களில் ஒருவர். 1628-இல் நாட்டைவிட்டுப் போனவர். ஸ்வீடன் எங்களைக் கைவிடாது என்று இருபது வருஷம் நம்பியிருந்தார். ஒப்பந்தத்தைப் பார்த்து நொந்துபோனார். அவர் கதையைத் தனியாக எழுத வேண்டும், அடுத்த மாதம் முடிகிறதா பார்க்கிறேன்.